துவைக்காத சட்டை

"மாமா, இன்னிக்காவது சட்டைய அலசாம எடுத்துக்கிட்டு வாயேன்" என்றாள் பூங்கோதை.

நான் சைக்கிளில் சோத்துத் தூக்கை மாட்டிக்கொண்டிருந்தேன். காதில் விழாதவன் மாதிரி ஸ்டாண்டைத் தட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அவளுக்கு மூன்று மாசம். மசக்கை. சோறு கொதிக்கிற வாசம் ஆகாது, தாளிக்கிற வாசம் ஆகாது, சோப்பு வாசம் ஆகவே ஆகாது. மண் வாசம் மட்டும் வேண்டும். அதிலும் தெருமண் இல்லை, எங்கள் கம்பெனி வெள்ளை மண். தின்னக் கேட்கவில்லை, மோந்து பார்க்கத்தான் கேட்கிறாள். அதைக்கூட நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. பதினோரு வருசமாகக் கம்பெனிக் குழாயடியிலேயே குளித்து, சட்டையை மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறேன். ஏன் என்று அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பொம்மை செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வார்ப்பு வேலை. வெள்ளை மண்ணைக் கரைத்துக் கெட்டி மோர் மாதிரி வைத்திருப்போம். ஸ்லிப்பு என்று பேர். அதைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஓரத்தில் மண் ஏடு மாதிரி படியும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து அச்சைப் பிரித்தால் உள்ளே ஒரு கிளியோ யானையோ நிற்கும். காது உடைந்தாலும் மூக்கு கோணினாலும் கவலை இல்லை. தொட்டியில் போட்டால் திரும்ப ஸ்லிப்பு. சூளையில் வெந்ததுதான் கரையாது. அது கம்பெனிக்குப் பின்னால் குவியலாகக் கிடக்கும். காதில்லாத யானையும் வாலில்லாத கிளியும் வெயிலும் மழையும் பட்டு வருசக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

எங்களுக்கு ஒரு பையன் இருந்தான். பழமலைநாதன். அவன் நடை பழகின நாளில் நான் தினமும் வேகாத மண் உருண்டை ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். வாசலிலேயே என் மேல் ஏறிப் பைக்குள் கையை விட்டு எடுத்துக்கொள்வான். உருட்டுவான், தட்டுவான், நாங்கள் பார்க்காதபோது நக்குவான். பார்க்கும்போதும் நக்குவான்.

இரண்டரை வயசில் முதுகில் ஒரு மேடு தெரிந்தது. பிறகு நெஞ்செலும்பு முன்னால் துருத்தியது. முட்டி இரண்டும் உள்பக்கம் இடித்துக்கொண்டன. மற்ற பிள்ளைகள் வளர்ந்தார்கள், அவன் வளரவில்லை. நான் எனக்குள் ஒரு முடிவு கட்டிவிட்டேன். நான் கொடுத்த மண் உள்ளே போய் எலும்பில் படிந்துவிட்டது. ஊற்றின மண் அச்சில் படிவதை நாள் முழுக்கப் பார்க்கிறவனுக்கு வேறு எது தோன்றும்? அன்றைக்குப் பிடித்தேன் குழாயடியை.

ஆனால் புத்தி அவனுக்குக் கத்தி மாதிரி. ஸ்கூலில் அவன்தான் முதல். மணிக்கட்டு மட்டும் துவண்டு துவண்டு விழும், பென்சில் நிற்காது. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. வீட்டுப்பாடம் எழுத ஆள் இல்லாமல் என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டான். "அப்பா, ஒரு கோடு இழு. கீழ மடக்கு. ஐயோ, அது வாலு மாதிரி போவுது, நிறுத்து." இப்படியே ஒன்றாம் வகுப்பு முழுக்க அவன் சொன்னான், நான் எழுதினேன். டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டு, "உன் கையெழுத்து ஏன்டா நாப்பது வயசு ஆளு கையெழுத்தாட்டம் இருக்குது" என்று கேட்டாராம். "எங்கப்பாவுக்கு முப்பத்தேழுதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

அவனுக்கு ஆறு வயசு நடக்கும்போதுதான், கடலூர், புதுச்சேரி என்று அலைந்து முடித்து, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் துர்கா என்று ஓர் அம்மா. ரத்தம் எடுத்தார், மூத்திரம் எடுத்தார், ஒரு மாசம் கழித்துக் கூப்பிட்டு உட்கார வைத்தார். முதலில் என்னைப் பார்த்து, என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். நான் சொன்னதை வைத்தே எனக்குப் புரியவைத்தார்.

"உடம்புல செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல காலி எடம் இல்லீங்க. ஒரு கூழு இருக்கு. அந்தக் கூழுதான் செல்லுங்களப் புடிச்சு வச்சிருக்கு. அதுல ஒண்ணு பாக்குறதுக்கு எப்படி இருக்கும்னா" என்று காகிதத்தில் படம் போட்டார். பால் புட்டி கழுவுகிற பிரஷ் மாதிரி இருந்தது. "நடுக்கம்பி புரதம். சுத்தி நிக்கிற முடியெல்லாம் சர்க்கரைச் சங்கிலி. எல்லா முடியிலயும் ஒரே வகை மின்சாரம். ஒண்ண ஒண்ணு தள்ளிவிடும். தள்ளுனா நடுவுல எடம் கெடைக்கும், அங்க தண்ணி நிக்கும். முட்டியில குஷன் மாதிரி இருக்குதே, குருத்தெலும்பு, அது இப்படித் தண்ணிய வச்சுக்கிட்டுதான் நம்ம பாரத்தத் தாங்குது."

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. ஸ்லிப்பு கெட்டியாகிவிட்டால் நாங்கள் தண்ணீர் ஊற்றுவதில்லை. கொஞ்சம் சிலிகேட் விடுவோம். மண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகும், தானாக இளகும். மேஸ்திரி சொல்லிக் கேட்டது. அதைச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதேதாங்க" என்றார்.

"இந்தப் பிரஷ்ஷு பழசாவும். உடம்பு அத வெட்டிக் கரைச்சுட்டுப் புதுசு பண்ணிக்கும். வெட்டுறதுக்குன்னு ஒரு நொதி இருக்கு. உங்க பையனுக்கு அந்த நொதி வேலை செய்யல. சங்கிலி கரையாம செல்லுக்குள்ள சேந்துக்கிட்டே போவுது. எலும்புல, குருத்துல, கண்ணோட கருவிழியில."

வேகாததும் வெந்ததும் எனக்கு ஞாபகம் வந்தன. எங்கள் கம்பெனி பின்னால் கிடக்கிற குவியல் ஞாபகம் வந்தது. அவன் கண்ணில் விடிகாலைப் பனி மாதிரி ஒரு மங்கல் இருக்கும். அது அவன் அழகு என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"ஒவ்வொரு வேலைக்கும் நம்மகிட்ட ரெண்டு அச்சு இருக்குங்க. அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. ஒண்ணு வெடிச்சிருந்தாலும் இன்னொண்ண வச்சு ஓட்டிடலாம். உங்ககிட்ட ஒண்ணு வெடிச்சது, இவங்ககிட்டயும் அதே அச்சு வெடிச்சது. நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டாள். என் அக்கா காசியம்மாளின் மகள் அவள். நான் அவளுக்குத் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் முறைமாமன் இருக்கும்போது வெளியில் மாப்பிள்ளை தேடினால்தான் கேள்வி கேட்பார்கள். வெடித்த அச்சு என் அம்மாவிடமோ அப்பாவிடமோ இருந்திருக்கும். எனக்கும் வந்தது, அக்காவுக்கும் வந்தது, அக்காவிடமிருந்து அவளுக்கு வந்தது. ரெண்டு வெடித்த அச்சும் பழமலையிடம் போய்ச் சேர்ந்தன. இனி பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அப்படி வர வாய்ப்பு உண்டு என்றார் டாக்டரம்மா. மருந்து ஒன்று வெளிநாட்டில் இருப்பதையும் சொன்னார். அது எங்கள் கைக்கு எட்டவில்லை.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், குடையை மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் திரும்பப் போனேன். குடை என் கக்கத்திலேயே இருந்தது. "டாக்டரம்மா, மண்ணு தின்னான். அதனாலயா?" என்று கேட்டேன். "மண்ணுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க" என்றார். கேட்டுக்கொண்டேன். ஆனாலும் மறுநாள் வேலை முடிந்ததும் கால் தானாகக் குழாயடிக்குப் போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே பழமலை, டாக்டரம்மா படம் போட்ட சீட்டில் அந்தப் பிரஷ்ஷுக்கு எழுதியிருந்த பெயரை என்னை எழுதச் சொன்னான். "புரோட்டியோகிளைக்கான். எழுதுப்பா." அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல நான் எழுதினேன். அதுவரைக்கும் நான் எழுதினதிலேயே நீளமான வார்த்தை அதுதான். "எங்கிட்ட இருக்கறதாலதான் உனக்கு இவ்ளோ பெரிய வார்த்த வந்துச்சு பாத்தியா" என்றான்.

ஒன்பதாவது வயசில், கார்த்திகையில், சளி கட்டி மூச்சு முட்டிப் போனான். நாலு வருசம் ஆகிறது.

அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இரண்டு மூலையில் இரண்டு பாய். அவளுக்குப் பயம் இல்லை, எனக்குத்தான். "ஒண்ணு போதும் மாமா, ஒண்ணே ஒண்ணு" என்று ஒரு தடவை கேட்டாள். நாலில் ஒரு பங்கு என்றேன். மூணு பங்கு இருக்குதே என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. போன ஐப்பசி மழையில் கூரை ஓடு நகர்ந்து, நனையாத மூலை ஒன்றே ஒன்று மிஞ்சியது. அவ்வளவுதான் சொல்லலாம்.

நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் டாக்டர் துர்காவுக்குப் போன் செய்தேன். சரியான வாரத்தில் வரச் சொன்னார். வயிற்றில் நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கிற இடத்திலிருந்து நூல் மாதிரி ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தால் பிள்ளைக்கு எந்த அச்சு வந்திருக்கிறது என்று தெரிந்துவிடுமாம்.

புறப்படுகிற அன்றைக்கு அக்கா கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து நின்றாள்.

"எங்கடா கூட்டிக்கிட்டுப் போற எம் பொண்ண?"

"சென்னைக்கு. சொன்னேனேக்கா."

"சாமி குடுத்தத ஊசி போட்டு ஆராய்ச்சி பண்ணப் போறீங்களா? எங்கம்மா மாமனத்தான் கட்டுனா. அவங்கம்மாவும் மாமனத்தான் கட்டுனா. அவங்கெல்லாம் ரயிலு ஏறியா புள்ள பெத்தாங்க?"

"உங்கம்மாவுக்கு மூணு புள்ள நிக்காம போச்சுன்னு நீதான சொல்லுவ" என்றாள் பூங்கோதை.

அக்கா முந்தானையில் முடிந்திருந்த விபூதியை எடுத்து மகள் நெற்றியில் பூசினாள். பிறகு என் நெற்றியிலும். "நாந்தான்டா புடிவாதமா உனக்குக் கட்டி வச்சேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் துணுக்கு எடுத்து முடித்து அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டர் துர்கா என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "எந்த எடத்துல வெடிப்புன்னு நமக்கு ஏற்கெனவே தெரியும். அதனாலதான் இவ்ளோ சீக்கிரம் பாக்க முடியுது. அன்னிக்கு உங்க பையன் ரத்தத்துலருந்து எடுத்து வச்சது இன்னும் எங்ககிட்ட இருக்கு. அத வச்சு ஒப்பிட்டுப் பாப்போம்."

நான் குறுக்கே கேட்டேன்.

"எது இருக்கு?"

"பழமலைநாதனோட டிஎன்ஏ. ஃபிரீசர்ல."

"பாக்கலாங்களா?"

"பாக்குறதுக்கு ஒண்ணும் இருக்காதுங்க. தண்ணி மாதிரி இருக்கும்."

நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கையுறை போட்ட கையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குப்பி கொண்டுவந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று காட்டினார். மூடியில் பனி பூத்திருந்தது. சின்னதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. இங்கிலீஷில் எழுதியிருந்ததால் எனக்குப் படிக்க வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாயசைத்துப் பெயரைச் சொன்னார். பனி உருகுவதற்குள் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும்போது பகல் வண்டி. விழுப்புரம் தாண்டினதும் குப்பியைப் பார்த்ததைப் பூங்கோதைக்குச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள்.

"என்ன ஏன் கூப்புடல?"

"நீ படுத்திருந்த."

"எழுந்து வந்திருப்பேன்."

சுண்டல்காரர் போனார். அவள் முகத்தைச் சுளித்து மூக்கைப் பொத்தினாள். பிறகு அதே கையை எடுக்காமல் சொன்னாள். "மாமா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பழமலை வயித்துல இருக்கும்போது நீ ஒடஞ்ச, வேகாத பச்சப் பொம்மையெல்லாம் கொண்டாந்து போடுவியே, அத நான் தின்னுருக்கேன். யான காது, கிளி மூக்கு. நீ வேலைக்குப் போன பொறவு. அதனாலதான் அவனுக்கு அப்படி ஆச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். டாக்டரம்மாகிட்ட தனியா போய்க் கேட்டேன். இல்லன்னாங்க."

"எப்ப கேட்ட?"

"மொத தடவை போனப்போ. நீ அவனத் தூக்கிக்கிட்டு டீ வாங்கப் போன."

நான் சிரித்துவிட்டேன். எதிர் சீட்டுக்காரர் பார்த்தார். என் குடைக் கதையைச் சொன்னேன். உருண்டை கொண்டுவந்து கொடுத்தது நான், அதனால்தான் குழாயடி, அதனால்தான் அலசின சட்டை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு வருசம் எனக்கு அந்த வாசமே இல்லாம பண்ணிட்டியே மாமா" என்றாள். "நீ வூட்டுக்கு வந்தா அவன் ஓடியாந்து உம் பையில கைய வுடுவான். அந்த வாசம் வந்தா அவன் வர மாதிரி இருக்கும்."

மசக்கைதான் என்று நான் நினைத்திருந்தேன்.

உளுந்தூர்ப்பேட்டை தாண்டினதும் இன்னொன்று கேட்டாள். "ரெண்டும் வெடிச்ச அச்சா வந்தா?"

"நீதான் சொல்லணும்."

"அவன் மூச்சுக்கு அலஞ்சத நான் பாத்திருக்கேன். இன்னொண்ண அப்படிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. ஆனா ஒரு மனசு, அவனே வரட்டும், அதே கண்ணோட வரட்டும்னு கேக்குது. அது தப்புதான?"

என் மனசும் அதைத்தான் கேட்டது என்று அவளிடம் சொல்லவில்லை. ஊர் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

முடிவு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். நான் வேலைக்குப் போனேன். அச்சைக் கட்டினேன், ஊற்றினேன், கவிழ்த்தேன். பக்கத்து மேஜை சுப்புராயன் ஒரு நாள், "ஏன்யா, ஒரு அச்சையே தடவிக் கொஞ்சிக்கிட்டு நிக்கிற, பொண்ணு பாக்க வந்தவனாட்டம்" என்றான். ஓரத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தது. அதற்கு ஜோடியாக இன்னோர் அச்சு அதே பொம்மைக்கு உண்டு, அது நன்றாக இருந்தது. இரண்டு வருசமாக அந்த நல்ல ஒன்றை வைத்துத்தான் ஓட்டுகிறோம். யாரும் குறை சொன்னதில்லை. அவனிடம் அதைச் சொன்னால் புரியாது. "வெடிச்சிருக்குது" என்று மட்டும் சொன்னேன். "அப்போ தூக்கிப் போடு" என்றான். போட மனசு வரவில்லை.

இப்போதெல்லாம் காலையில் பூங்கோதை சட்டையைப் பற்றிக் கேட்பதில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சட்டையை அலசாமல் கொண்டு போக எனக்கு இனி என்ன தடை? மண் குற்றம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் சாயங்காலம் ஆனால் குழாயைத் திறந்தேன். முடிவு தெரியட்டும், தெரிந்த பிறகு பார்க்கலாம் என்று கை சொன்னது. பிழிந்த சட்டையைக் கொடியில் போடும்போது அவள் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பதினெட்டாம் நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், அலமாரியில் வைத்திருந்த போன் அடித்தது. முழங்கை வரைக்கும் எனக்கு ஸ்லிப்பு. "யாரு பாரு" என்றேன். சுப்புராயன் எட்டிப் பார்த்தான். "துர்கா டாக்டருன்னு போட்டிருக்குது." கையைச் சட்டையில் துடைத்தேன், துடைக்கத் துடைக்க வழுக்கியது. அவனே போனை அமுக்கி என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டான்.

"பச்சமுத்து, கேக்குதா? பிள்ளைக்கு ஒரு அச்சு வெடிச்சது, ஒரு அச்சு நல்லது. உங்கள மாதிரி, பூங்கோதை மாதிரி. அந்த நோய் வராது."

"சரிங்க" என்றேன். அவர், வேறு ஏதாவது கேட்கணுமா என்றார்.

"பெரியவனோட அந்தக் குப்பி. அதுக்கு வேல முடிஞ்சுட்டுதுங்களா?"

"ஆமாங்க."

"தூக்கிப் போட்டுருவீங்களா?"

"இல்லீங்க. இருக்கட்டும், எடம் இருக்கு" என்றார்.

சுப்புராயன் போனை எடுத்துவிட்டு, "என்னய்யா, மூஞ்சி இப்படிப் போவுது? கெட்ட சேதியா?" என்றான். இல்லை என்று தலையாட்டினேன். "அப்போ ஏன் அழுவுற, பொம்மையில கண்ணீரு சொட்டுனா மேஸ்திரி கத்துவாரு" என்றான். மேஸ்திரியிடம் அவனே போய் அரை நாள் லீவு சொன்னான்.

குழாயடியைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். நின்றேன். திறக்கவில்லை. அப்படியே சைக்கிளை எடுத்தேன். பேட்டையிலிருந்து எங்கள் தெரு வரைக்கும் வெயிலில் ஸ்லிப்பு காய்ந்து, கை மயிரைப் பிடித்து இழுத்தது. சட்டை மொடமொடவென்று ஆகிவிட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

பூங்கோதை வாசலில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நேரம் கெட்ட நேரத்தில் சைக்கிள் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். முதலில் என் முகத்தைப் பார்த்தாள், அதில் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பிறகு சட்டையைப் பார்த்தாள். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் வெள்ளை. முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வந்தாள். தெரு என்று பார்க்காமல் என் நெஞ்சில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"நம்மள மாதிரியாம்" என்றேன்.

தலையை ஆட்டினாள். மூக்கு நுனியிலும் கன்னத்திலும் வெள்ளை ஒட்டிக்கொண்டது. அவள் கை என் சட்டைப் பைக்குள் போனது. வெறும் பைதான். அங்கேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா."

"ம்."

"அவனுது இன்னும் அங்க இருக்குதா?"

"இருக்குது. எடம் இருக்குதாம்."